சிஸ்லியின் வானம்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய படங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் ஓவியர் மோனேயின் படங்களின் முன்னால் அவ்வளவு நேரம் நின்றிருக்கிறாய், ரொம்ப சந்தோஷம். ஆனால் அவருடைய நண்பரான ஓவியர் சிஸ்லியைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டாய்: "எல்லாம் அமைதியா இருக்கு, ஒண்ணுமே நடக்கலைப்பா." அந்த வரிக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். போனில் பேசினால் இவ்வளவு சொல்ல முடியாது.

சிஸ்லி படத்தில் நடப்பதெல்லாம் வானத்தில்தான். பள்ளிக்கூடத்தில் வாட்டர் கலர் சொல்லிக்கொடுக்கும்போது வானத்துக்குத்தான் முதலில் வாஷ், அதாவது நீர்த்த வண்ணப் பூச்சு, போடச் சொல்வேன். தாளில் ஈரம் காய்வதற்குள் முடிக்க வேண்டிய வேலை அது, வேறு வழியில்லை. ஆயிலில் அந்தக் கட்டாயம் கிடையாது. மரத்திலும் தொடங்கலாம், சுவரிலும் தொடங்கலாம். சிஸ்லி விரும்பியே வானத்தில் தொடங்கினார். தவெர்னியே என்ற விமர்சகருக்கு எழுதிய கடிதத்தில் இதை அவரே சொல்கிறார்: வானம் வெறும் பின்திரையாக இருக்க முடியாது, தரைக்கு அடுக்குகள் இருப்பதுபோல வானத்துக்கும் உண்டு, படத்துக்கு ஆழமும் அசைவும் அங்கிருந்துதான் வருகின்றன என்று. நீ மறுபடி போகும்போது இதை மனதில் வைத்துக்கொண்டு பார். கண் தானாகவே கீழே உள்ள வீட்டுக்குப் போகும். அதைப் பிடித்து மேலே நிறுத்து.

முதலில் பார்க்க வேண்டியது 1876-ல் வரைந்த போர்ட்-மார்லி வெள்ளம். அந்த வருஷம் சேன் நதி கரை மீறி ஊருக்குள் வந்துவிட்டது. பக்கத்தில் மார்லியில் குடியிருந்த சிஸ்லி போய் அதையே பல கேன்வாஸ்களில் வரைந்தார். அதில் இரண்டு ஓர்சேயில் இருக்கின்றன. இடப்பக்கம் மது வியாபாரியின் மாடி வீடு, வாசல்வரை தண்ணீர். ஓரிரு படகுகள், அவற்றில் சின்னதாக ஆட்கள். வேறு யாராவது வரைந்திருந்தால் அழுகிற முகங்கள், நீட்டிய கைகள், அடித்துப்போகிற சாமான்கள் எல்லாம் வந்திருக்கும். இவர் அதையெல்லாம் தொடவே இல்லை. தெரு இருந்த இடத்தில் இப்போது வானம் கிடக்கிறது, அவ்வளவுதான். மேலே உள்ள அதே மேகம் கீழே தண்ணீரில் உடைந்து உடைந்து, படுக்கைவாட்டில் போட்ட பிரஷ் தடங்களாக இறங்கியிருக்கிறது. மேகத்துக்கு ஒரு கை, தண்ணீருக்கு ஒரு கை, சுவருக்கு வேறு ஒரு கை. ஒரே படத்துக்குள் பிரஷ் ஓட்டத்தை மாற்ற வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர். அந்த மாற்றம்தான் அச்சில் காணாமல் போய்விடுகிறது. நான் வாழ்நாள் முழுக்க அச்சில் பார்த்தே அவரை நேசித்தவன். அதனால்தான் நீ அங்கே நிற்பது எனக்கு இவ்வளவு பெரிய விஷயம்.

அவர் கதையும் உனக்குத் தெரிய வேண்டும். ஆல்ஃபிரட் சிஸ்லி 1839-ல் பாரிஸில் பிறந்தவர், அப்பா அம்மா இங்கிலாந்துக்காரர்கள். அப்பா வசதியான வியாபாரி. பையன் தொழில் கற்றுக்கொள்ளட்டும் என்று 18 வயதில் லண்டனுக்கு அனுப்பினார். திரும்பி வந்த பையன் 1862-ல் கிளேர் என்பவரின் ஓவியப் பட்டறையில் சேர்ந்துவிட்டான். அங்கே கூடப் படித்தவர்கள் மோனே, ரெனுவார், பசீல். அப்பா தடுக்கவில்லை, பணமும் கொடுத்தார். அந்த அப்பாவை எனக்குப் பிடிக்கும். பெயிண்ட் அப்போது டியூபில் வர ஆரம்பித்துவிட்டது, ரயிலும் இருந்தது. இளைஞர்கள் ஈசலைத் தூக்கிக்கொண்டு காட்டுக்கும் ஆற்றங்கரைக்கும் போனார்கள்.

1870-ல் பிரஷ்யாவுடன் போர் வந்தது. பசீல் போர்க்களத்தில் இறந்துபோனார். சிஸ்லியின் அப்பாவுக்கு வியாபாரம் நொடித்தது. பாரிஸ் பக்கத்துப் பூஜிவாலில் இருந்த சிஸ்லியின் வீட்டைப் படைவீரர்கள் சூறையாடினார்கள். முப்பது வயதைத் தாண்டும் நேரத்தில், மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருக்க, படம் விற்றால்தான் அடுப்பு எரியும் என்ற நிலை. அதன் பிறகு சாகும்வரை அந்த நிலை மாறவில்லை.

ஒரு கணத்து வெளிச்சத்தை அப்படியே பிடிக்க முயன்ற இவர்களைத்தான் இம்ப்ரெஷனிஸ்ட் என்றார்கள். 1874-ல் நடந்த அவர்களுடைய முதல் கண்காட்சியில் சிஸ்லியின் படங்களும் இருந்தன. மறுவருஷம் மோனே, ரெனுவார், பெர்த் மோரிசோ ஆகியோருடன் சேர்ந்து ஓட்டல் துரூவோ என்ற ஏலக்கூடத்தில் ஏலம் விட்டுப் பார்த்தார். கூட்டம் கேலி செய்து கத்தியதில் போலீஸைக் கூப்பிட வேண்டியதாயிற்று. 1870-களின் கடைசியில் நண்பர் துரேவுக்கு எழுதிய ஒரு கடிதம் என் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. மாதம் 500 பிராங்க் வீதம் ஆறு மாதத்துக்குக் கொடுக்கக்கூடிய ஒருவரைப் பிடித்துத் தர முடியுமா, பதிலுக்கு 30 படங்கள் தருகிறேன் என்று கேட்கிறார். ஒரு படத்துக்கு 100 பிராங்க் ஆகிறது, கணக்குப் போட்டுப் பார்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு, அதே காலத்தில், 1878-ல், வரைந்த லூவ்சியென் ஊரின் பனிப் படத்தின் முன்னால் போய் நில். பனி மூடிய வழி, நடுவில் கறுப்பாக ஒரு சின்ன உருவம். பனியில் சுத்தமான வெள்ளை எங்கே இருக்கிறது என்று தேடு. சாம்பலும் நீலமும்தான் அதிகம் கிடைக்கும். வீட்டு வாடகை பாக்கி, கடன்காரர் தொல்லை எதுவும் அந்தக் கேன்வாஸுக்குள் வரவில்லை. தன் துயரத்தை அவர் இயற்கையின் தலையில் ஏற்றவே இல்லை. நீ "அமைதி" என்று சொன்னாயே, அதை அவர் என்ன விலை கொடுத்துக் காப்பாற்றினார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனத்துவிடும்.

மூத்த இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர் பிசாரோவிடம் அடுத்த தலைமுறை ஓவியரான மத்தீஸ் ஒருமுறை, இம்ப்ரெஷனிஸ்ட் என்றால் யாரைச் சொல்வீர்கள் என்று கேட்டாராம். பிசாரோ சொன்ன பெயர் சிஸ்லி. மோனே, ரெனுவார் இருக்கும்போது இவர் பெயர்! எனக்கு இதில் ஆச்சரியமில்லை. மற்றவர்கள் வேறு வேறு திசையில் போனார்கள். இவர் ஆறு, பாலம், சாலை, வானம் என்று கடைசிவரை நிலக்காட்சியிலேயே நின்றார்.

கடைசி வருஷங்கள் மோரே-சுர்-லுவான் ஊரில். பாரிஸிலிருந்து தெற்கே சுமார் 75 கிலோமீட்டர், கார் த லியோன் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் நேராகப் போய்விடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வா. பாலம் இருக்கிறது, பழைய கோட்டை வாசல் இருக்கிறது, தேவாலயமும் இருக்கிறது. அந்தத் தேவாலயத்தை 1893, 94-ல் வெயிலில், மழையில், காலையில், மாலையில் என்று திரும்பத் திரும்ப வரைந்தார். கிட்டத்தட்ட அதே சமயத்தில்தான் மோனே ரூவான் பேராலயத்தை வரைந்துகொண்டிருந்தார். மோனேயின் வெளிச்சத்தில் கல் கரைந்துவிடும். சிஸ்லியிடம் கல் கல்லாகவே நிற்கும், வெளிச்சம் அதன் மேல் வந்து போகும். எனக்குப் பிடித்தது இரண்டாவது. நீ மோனே பக்கம் என்று தெரியும், சரி, நேரில் பார்த்துவிட்டுச் சொல்.

1897-ல் ரூவானைச் சேர்ந்த தெபோ என்ற தொழிலதிபரின் உதவியில் வேல்ஸ் போனார். முப்பது வருஷம் கூட வாழ்ந்த யூஜெனியை அங்கே கார்டிஃப் நகரில் முறைப்படி பதிவு செய்து மணந்தார், பிள்ளைகளுக்குச் சட்டப்படி உரிமை கிடைக்கட்டும் என்று. பெனார்த் பாறைகளிலிருந்து கடலை வரைந்தார். வாழ்நாளெல்லாம் ஆற்றைப் பார்த்த கண் கடலை எப்படிப் பார்க்கிறது என்பதற்காகவே அந்தப் படங்களை நீ தேடிப் பார்க்க வேண்டும். மறுவருஷம் அக்டோபரில் யூஜெனி புற்றுநோயில் இறந்தார். சிஸ்லிக்குத் தொண்டையில் புற்றுநோய். 1899 ஜனவரி 29-ல் அவரும் போனார். அதற்குச் சில நாள் முன்பு மோனேயை வரவழைத்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்று கேட்டுக்கொண்டார். மோனே அந்த வாக்கைக் காப்பாற்றினார். மே மாதமே ஒரு விற்பனைக்கு ஏற்பாடு செய்து, கிடைத்த பணத்தைப் பிள்ளைகளுக்குச் சேர்ப்பித்தார். பிரான்ஸிலேயே பிறந்து வளர்ந்தும் பிரெஞ்சுக் குடியுரிமை மட்டும் அவருக்குக் கிடைக்கவே இல்லை. கல்லறை மோரேயில்தான்.

அப்புறம் விலை ஏறியது. 180 பிராங்குக்கு அவர் விற்ற வெள்ளப் படம், அவர் இறந்த மறுவருஷம் ஏலத்தில் 43,000 பிராங்குக்குப் போனது. வாங்கிய வங்கியாளர் கமோந்தோ தன் சேகரிப்பை நாட்டுக்கே எழுதி வைத்தார். அப்படித்தான் அது இன்று உன் கண்ணுக்குக் கிடைக்கிறது.

மாதத்தின் முதல் ஞாயிறு ஓர்சேயில் கட்டணம் இல்லை, ஆனால் கூட்டம் இருக்கும். வாரநாளில் சாயங்காலம் போக முடிந்தால் நல்லது. திங்கள் விடுமுறை. வெள்ளப் படத்தை நேராக நின்று போட்டோ எடுக்காதே, அது எனக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது. பக்கவாட்டில் நின்று, மேகம் இருக்கும் இடத்தை மட்டும் கிட்டத்தில் எடு. பெயிண்ட் எவ்வளவு தடிமன், பிரஷ் எந்தப் பக்கம் இழுத்திருக்கிறது, தண்ணீருக்குக் கீழே பழுப்பு எங்காவது எட்டிப்பார்க்கிறதா, இதெல்லாம் எனக்குத் தெரிய வேண்டும். பார்த்துவிட்டு நாலு வரி உன் கைப்பட எழுது.

அன்புடன்,
அப்பா