பஸ் விட்டதும் முதல்ல போன வீடு

தர்மபுரி
6-7-2021

அன்புள்ள செல்விக்கு,

எப்படிடி இருக்க? நேத்துல இருந்து உங்க கோயம்புத்தூர்லயும் பஸ் ஓடுதாமே, நியூஸ்ல பாத்தேன். எங்களுக்கு ஒரு வாரம் முன்னாடி, போன மாசம் 28-ந் தேதியே விட்டுட்டாங்க. வெளிய போனியா, ஜாலியா இருந்துச்சானு போன்ல கேட்டியே, அப்ப அடுப்புல களி கிண்டிட்டு இருக்கேன்னு சொல்லி வெச்சுட்டேன். களி எல்லாம் அப்பவே கிண்டி முடிச்சாச்சு. என்ன சொல்றதுனு தெரியலை, அதான் வெச்சேன். இப்ப எல்லாரும் தூங்கிட்டாங்க, உக்காந்து எழுதறேன், பிழை இருந்தா திருத்திப் படிச்சுக்க, ஸ்கூல்ல இருந்தே நீதான் எனக்குத் திருத்தற ஆளு.

நம்ம ராசி பாரு. மே 8-ந் தேதில இருந்து டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லைன்னாங்க, எங்க தெருவே குஷியாயிடுச்சு, பக்கத்து வீட்டு அத்தை போகவேண்டிய கோயில் எல்லாத்தையும் விரல் விட்டு எண்ணிட்டு இருந்துச்சு. 10-ந் தேதி பாத்தா கொரோனா லாக்டவுன், பஸ்ஸே இல்லைன்னுட்டாங்க. ரெண்டே நாள்! அந்த ரெண்டு நாளும் நான் வீட்டைவிட்டு நகரல, நாளைக்குப் போலாம் நாளைக்குப் போலாம்னு. அப்புறம் ஒன்றரை மாசத்துக்கு மேல கதவு, கேட்டு, ரேஷன் கடை அவ்ளோதான் உலகம், அதுவும் கவர்மெண்ட் கொடுத்த அந்த 4000 ரூபாய ரெண்டு தவணையா வாங்கவும் 14 சாமான் பை வாங்கவும் க்யூல நின்னது.

போன வியாழக்கிழமை கெளம்பினேன். செருப்பைத் தேடினா ஒரு காலை எலி கடிச்சு வார் பிஞ்சு கெடக்கு, பொண்ணு செருப்ப மாட்டிட்டுப் போனேன், அது சின்னது, குதிகால் பின்னாடி தொங்குது. புடவை கட்டி வெளிய வந்து நிக்கறப்ப ஏதோ புது ஊருக்கு வந்த மருமக மாதிரி ஒரு கூச்சம்டி, யாரு பாக்கறாங்க யாரு பாக்கலைனு. டவுன் பஸ்ல பழக்கத்துல பத்து ரூபா நோட்டை நீட்டிட்டேன், கண்டக்டர் தம்பி "உள்ள வைங்கக்கா"ன்னுட்டுப் போயிட்டான், அந்த நோட்டை ஊர் போற வரைக்கும் கையிலயே மடிச்சு வெச்சிருந்தேன். பாதி ஆளைத்தான் ஏத்தணும்னு ரூல், மொத ஸ்டாப்ல பாதிதான் இருந்துச்சு, தர்மபுரி டவுன் வர்றதுக்குள்ள எல்லாம் பழையபடி ஆயிடுச்சு. என் முன்னாடி ஒருத்தர் இருமறதுக்காக மாஸ்க்கைக் கீழ எறக்கறாரு, இருமிட்டு மறுபடி மேல ஏத்திக்கறாரு. சிரிக்கறதா இறங்கி ஓடறதா சொல்லு. கம்பியைப் புடிக்கவும் பயம், புடிக்காம நின்னா அவன் போடற பிரேக்குக்கு அடுத்தவங்க மடியில போய் விழணும்.

நான் போனது எங்கனு நீ கேக்கவே இல்லையே. கோயில் இல்ல, துணிக்கடை இல்ல, துக்கம் கேக்கப் போனேன். கிருஷ்ணகிரி பக்கம் காவேரிப்பட்டணம், நம்ம கோவிந்தம்மா வீட்டுக்கு.

காலண்டர் பின்னாடி எழுதி வெச்சிருக்கேன் செல்வி, போகாம விட்ட துக்க வீடு மட்டும் ஆறு. மொய் நோட்டுன்னா யாருக்கு எவ்வளவுனு தெரியும், திருப்பி வெச்சிடலாம். இது எந்தக் கணக்குல வருது சொல்லு. சாவுக்கு 20 பேருக்கு மேல கூடாதுன்னாங்க, எங்க வீட்டுக்காரரும் போகவேணாம்னு கையப் புடிச்சுக்கிட்டாரு, நானும் உள்ளுக்குள்ள "சரி, நல்லதாப் போச்சு"னுதான் நெனச்சேன், அதை உன்கிட்டதான் சொல்ல முடியும். கோவிந்தம்மாகிட்ட போன்ல நாலு வார்த்தை பேசினேன். அவ "ம்" மட்டும் சொன்னா.

அவ புருசனை உனக்கு ஞாபகம் இருக்கில்ல, போன வருசம் கிருஷ்ணகிரி மட்டும்தான் தமிழ்நாட்டுலயே கொரோனா இல்லாத பச்சை மண்டலம்னு நியூஸ்ல சொன்னப்ப எனக்குப் போன் போட்டு "உங்க ஜில்லாவுக்கு வந்துடுச்சு, எங்க பக்கம் எட்டிக்கூடப் பாக்காது"னு ஒரு அரைமணி நேரம் பீத்திக்கிட்டாரு. அப்புறம் மே மாசம் பொறக்கவும் அங்கயும் வந்துடுச்சு. அப்ப தப்பிச்ச மனுசன் இந்த மே மாசம் ஆக்சிஜன் பெட்டுக்காக ஒரு ராத்திரி பூரா ஆஸ்பத்திரி வாசல்ல ஆம்புலன்ஸ்லயே இருந்திருக்காரு. மறுநாள் பெட் கெடச்சுது. நாலாம் நாள் முடிஞ்சுது. முகத்தைக்கூட ஒழுங்கா காட்டலையாம்.

ரெண்டு மாசம் ஆகப்போகுது, காரியமெல்லாம் முடிஞ்ச வீட்டுக்கு இப்பப் போய் என்னத்தைக் கேக்கறதுனு மாமியார்கிட்ட கேட்டேன், "வெள்ளிக்கிழமை மட்டும் வேணாம், போ, எப்பப் போனாலும் அழுகை அழுகைதான்"னுச்சு. பஸ்ல வர்றப்பவே மனசுக்குள்ள தயாராயிட்டே வந்தேன், எப்படிக் கட்டிப் புடிச்சு அழறது, மாஸ்க்கோட அழலாமா, தொடலாமானு. ஒரு துக்கத்துக்கு இப்படி ஒத்திகை பாத்ததே இல்ல.

வாசல்ல அவ பையன் கையில சானிடைசர் ஊத்தினான். அவ நடையில உக்காந்திருந்தா. பாத்ததும் எனக்குத் தொண்டை அடைச்சு ஓன்னு ஆரம்பிச்சுட்டேன். அவ எந்திரிக்கவே இல்ல. "அமுதா, அழுவாதடி. பஸ் விட்டதுல இருந்து நீ ஏழாவது ஆளு"ன்னா. "அப்ப ஒருத்தரும் வரல, செவுத்தைப் பாத்து நானே அழுது முடிச்சேன். இப்ப வர்றவங்க எல்லாம் புதுசா ஆரம்பிக்கறாங்க, கூட நானும் மொதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கு. எனக்கு உடம்புல தெம்பு இல்ல."

எனக்கு முகத்தை எங்க வெச்சுக்கறதுனு தெரியல. ஒத்திகை பாத்த அழுகை அப்படியே நின்னு போச்சு.

அப்புறம் ஒரு மணி நேரம் மாங்கா பத்திதான் பேசினா. அவரு குத்தகைக்கு எடுத்த தோப்புல மாங்கா மரத்துலயே நிக்கறப்ப ஆள் போயிட்டாரு, காய் பறிக்க ஆள் இல்ல, லாரி இல்ல, பெங்களூரா காயை கூழ் பேக்டரிக்காரங்க கேட்ட விலை மருந்தடிச்ச கூலிக்குக்கூட கட்டலையாம், கடைசியில இவளும் பையனுமே நின்னு பறிச்சு ஏத்தி விட்டிருக்காங்க, காரியம் முடிஞ்ச மறு வாரமே. கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சிக்கு வருசா வருசம் புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய் ராட்டினம் ஏத்துவாராம், போன வருசமும் இல்ல இந்த வருசமும் இல்ல, "நடத்தியிருந்தா எனக்கு இன்னும் கஷ்டமா இருந்திருக்கும்"ன்னா. துக்க வீட்டுல சாப்புடக் கூடாதுனு மாமியார் சொல்லி அனுப்பிச்சிருந்துச்சு, அவ செந்தூரா மாம்பழம் ரெண்டு அறுத்துக் கொடுத்தா, மாஸ்க்கை எறக்கித் தின்னேன். அப்பதான் ரெண்டு பேரும் முழு மூஞ்சியப் பாத்தோம். "ஏய், முன்னாடி பல்லு எங்கடி போச்சு"ன்னா. லாக்டவுன்ல விழுந்துச்சு, டாக்டர்கிட்ட போகப் பயந்து மாஸ்க் இருக்கேன்னு அப்படியே விட்டுட்டேன்னேன். சிரிச்சா செல்வி, சத்தமா. திண்ணையில இருந்த அவ மாமியார் திரும்பி மொறைச்சுது.

துக்க வீட்டுல போயிட்டு வர்றேன்னு சொல்லக் கூடாதில்ல, அதான் பேசாம எந்திரிச்சு செருப்பை மாட்டினேன். பின்னாடியே கத்தறா, "சொல்லிட்டுப் போடி, சொல்லாமப் போறவங்களைப் பாத்து எனக்குச் சலிச்சுப் போச்சு"னு. வர்றேன் கோவிந்தம்மானு சொல்லிட்டுதான் வந்தேன்.

ஜாலியா இருந்துச்சானா, திரும்பி வர்றப்ப ஜன்னல் சீட் கெடச்சுது, காத்து மூஞ்சில அடிச்சுது, நல்லாத்தான் இருந்துச்சு. நல்லா இருக்குனு தோணினதுக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. இன்னும் அஞ்சு வீடு பாக்கி. அவங்களும் அழுது முடிச்சிருப்பாங்களோ, போனா தொந்தரவோ, போகலைன்னா அதுவும் ஒரு பேச்சோ, ஒண்ணும் புரியல. மொதல்ல போன் பண்ணி "வரட்டுமா"னு கேட்டுட்டுப் போலாம்னு இருக்கேன், துக்கத்துக்குப் போய் பர்மிஷன் கேக்கறியானு வீட்டுக்காரர் கிண்டல் பண்றாரு, பண்ணட்டும்.

மத்தபடி எல்லாரும் நல்லா இருக்கோம். பாப்பா பிளஸ் டூ பரிட்சையே எழுதாம பாஸ். பத்தாவதுல இருந்து 50, பதினொண்ணுல இருந்து 20, பன்னெண்டுல இருந்து 30னு பிரிச்சு மார்க் போடறாங்களாம், பத்தாவதுல ஏன்டா வெளையாடினோம்னு இப்ப அழறா. எனக்கு கொரோனா தடுப்பூசி மொத ஊசி ஆச்சு, ரெண்டாவதுக்கு 84 நாள் காத்திருக்கணும். நீ போட்டுட்டியா?

ஆடி பொறக்கறதுக்குள்ள கோவிந்தம்மாவைப் பாக்க வர்றேன்னு சொன்னியே, வா. சேலம் வந்து மாறி தர்மபுரி வந்துடு, நானும் கூட வர்றேன். அங்க வந்து அழுது வெக்காதே, காய் என்ன வெலைக்குப் போச்சுனு கேளு, அவளே பேசுவா. வர்றப்ப எனக்கு ஏழாம் நம்பர் செருப்பு ஒரு ஜோடி வாங்கிட்டு வா, கட்டை குதிகால் வேணாம், பாப்பா அவ செருப்பைக் கேட்டு தினம் சண்டை.

அன்புடன்,
அமுதா