7 மணி ஷோ 8.50-க்கு: பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், கூப்பன் வேண்டாம்

வணக்கம்.

இது நான் அனுப்பும் ஐந்தாவது மெயில். முதல் நாலுக்கும் ஒரே பதில்தான் வந்தது: "சிரமத்துக்கு வருந்துகிறோம், உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது." யார் முடித்தது, எப்படி முடித்தது, ஒன்றும் தெரியவில்லை. புக்கிங் நம்பர் உங்களிடமே இருக்கிறது, உங்கள் டிக்கெட் ஆப்பில் தலையாட்டும் அந்தக் கிளிப்பொம்மை சாட்பாட்டிடம் பதினொரு தடவை அடித்துக் கொடுத்துவிட்டேன், இனி அடிக்க மாட்டேன்.

போன மாதம் ரெண்டாவது சனிக்கிழமை, பாளையங்கோட்டை, ஸ்டாண்ட்-அப் காமெடி. மூணு டிக்கெட், தலைக்கு 799, அதற்கு மேல் 'வசதிக் கட்டணம்' வேறு (யாருக்கு வசதி என்று இன்றுவரை விளங்கவில்லை). டிக்கெட்டில் "சரியாக 7 மணி, தாமதமாக வருவோருக்கு அனுமதி இல்லை" என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தீர்கள். அதை நம்பி நான், மனைவி, 74 வயது அப்பா மூணு பேரும் கல்லிடைக்குறிச்சியிலிருந்து 4 மணிக்கே பஸ் ஏறி 6.15-க்கு வாசலில் நின்றோம். ஷோ தொடங்கியது 8.50-க்கு. அதிலும் முதல் இருபது நிமிஷம் வேறு யாரோ ஒரு பையன். நாங்கள் பார்க்க வந்தவர் மேடைக்கு வந்து சொன்ன முதல் ஜோக், ஐ.எஸ்.டி. என்றால் இந்தியன் ஸ்டாண்டர்ட் டைம் இல்லை, இந்தியன் ஸ்ட்ரெச்சபிள் டைம் என்பது. அரதப் பழசு. அதற்கு 110 நிமிஷம் காக்க வைத்துவிட்டுச் சொன்னால் சிரிப்பா வரும்? ஊருக்குப் பஸ் கிடைக்காதே என்று 9.30-க்கு எழுந்தோம், அப்படியும் கடைசி பஸ் போய்விட்டது, காருக்கு 1,600 ரூபாய் அழுதேன்.

ஹாலில் நின்ற தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். "அண்ணாச்சி, செத்த பொறுங்க" என்று நூறு தடவை சொன்னாலும், அப்பாவுக்கு நாற்காலியும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தது அவன்தான்.

ஆனால் உங்கள் கஸ்டமர் கேரில் திங்கட்கிழமை காலை பேசினாரே ஒருவர், அவரை விட மாட்டேன். நாற்பது நிமிஷம் பாட்டுப் போட்டுக் காக்க வைத்துவிட்டு அவர் சொன்னது: "சார், காமெடி ஷோதானே, இதையும் காமெடியா எடுத்துக்கோங்க. இந்தியன் டைம் தெரியாதா உங்களுக்கு?" பின்னால் இன்னும் ரெண்டு பேர் சிரித்தது எனக்குக் கேட்டது. கால் ரெக்கார்ட் ஆகிறது என்று நீங்கள்தானே சொல்கிறீர்கள், எடுத்துப் போட்டுக் கேளுங்கள்.

இந்தியன் டைம் எங்கள் வீட்டுக்குத் தெரியும். அப்பா ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர். 1906-க்கு முன்னால் ரயிலெல்லாம் மெட்ராஸ் டைமில் ஓடியதையும், அப்புறம் மிர்சாப்பூர் பக்கம் போகும் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்து நாட்டுக்கே ஒரே நேரம் வந்ததையும் சோறு ஊட்டும்போதே சொல்லி வளர்த்தவர். திருநெல்வேலி அந்த ரேகைக்கு மேற்கே இருப்பதால் நம் ஊர் சூரியன் கடிகாரத்துக்குச் சுமார் 19 நிமிஷம் பின்தங்கித்தான் உச்சிக்கு வரும். அன்றைக்கு ஹாலில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்: "சூரியனுக்கே 19 நிமிஷம்தான்டே சலுகை, இவனுவ யாரு?" சரி, அந்த 19-ஐயும் உங்களுக்கே கழித்துத் தருகிறேன். மீதி 91 நிமிஷத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

கோயில் கொடையில் வில்லுப்பாட்டும்தான் 9 மணி என்று நோட்டீஸ் போட்டு 11-க்குத் தொடங்கும். ஆனால் அங்கே 'சரியாக' என்று போட மாட்டார்கள், 799 வாங்க மாட்டார்கள், விடிய விடியப் பாடுவார்கள்.

எனக்கு வயிறு எரிவது இதில்தான். டிக்கெட் எடுக்கும்போது சிவப்பில் ஓடுமே அந்த 8 நிமிஷக் கணக்கு, ஒரு நொடி பிசகியதா? ஓ.டி.பி. வரத் தாமதமானதற்கு என் ரெண்டு சீட்டைப் பிடுங்கிக்கொண்டு பின்வரிசைக்குத் தள்ளினீர்கள். ரீஃபண்ட் கேட்டால் "ஷோ நேரத்திலிருந்து 2 மணி நேரத்துக்குள் கேட்டிருக்க வேண்டும்" என்கிறீர்கள். எந்த நேரத்திலிருந்து? டிக்கெட்டில் போட்ட 7 மணியிலிருந்தாம்! அதாவது ஷோ தொடங்கிப் பத்தாவது நிமிஷமே என் உரிமை செத்துவிட்டது. எங்களுக்கு மட்டும் டெல்லி இயற்பியல் ஆய்வகத்து அணுக் கடிகாரம், உங்களுக்கு ரப்பர் கடிகாரமா? அல்வா ஊருக்கே வந்து எங்களுக்கு அல்வா கொடுத்துவிட்டீர்கள்.

நேரில் பேசலாம் என்று ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டு, உங்கள் மெயிலில் இருந்த வண்ணார்பேட்டை முகவரிக்குப் போனேன். அது செல்போன் கவர் விற்கும் கடை. கடைக்காரர் "உங்களோட சேர்த்து நாலு பேர் வந்தாச்சு" என்கிறார். அரை நாள் சம்பளம், பஸ் காசு, மாமனார் வீட்டில் இன்றுவரை ஓடும் கேலி, எல்லாம் சேர்த்தால் லட்ச ரூபாய் நஷ்டம் என்றாலும் தகும்.

உங்களோடு சண்டை போட எனக்கு ஆசையில்லை. நல்ல ஷோக்கள் நம் ஊருக்கு வரவேண்டும் என்றுதான் நினைக்கிறேன். டிக்கெட் பணம் 2,397, வசதிக் கட்டணம், கார் வாடகை 1,600, அந்தக் கஸ்டமர் கேர் ஆளிடமிருந்து ஒரு மன்னிப்பு, இவ்வளவுதான் கேட்கிறேன். ஏழு நாளில் வராவிட்டால் நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்கு போன் அடிப்பேன், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். மன உளைச்சலுக்கு அங்கே தனியாகக் கேட்பேன், அப்பா சாட்சி சொல்வார், நேரம் எல்லாவற்றையும் டைரியில் நிமிஷத்தோடு எழுதி வைத்திருக்கிறார்.

பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதிலேயே போடுங்கள். அந்த 200 ரூபாய் கூப்பனைத் தயவுசெய்து மறுபடியும் அனுப்பாதீர்கள், முப்பது நாளில் காலாவதியாம், முப்பது நாளில் திருநெல்வேலியில் உங்களுக்கு வேறு ஷோவே இல்லை.