ஒரே பாட்டு, ஆளுக்கொரு அசைவு

ஆசிரியருக்கு வணக்கம்.

சேர்ந்து ஆடுபவர்களிடையே நெருக்கம் பிறப்பதற்கு இசை தரும் கிறக்கமே காரணம் என்கிறது சென்ற இதழ்க் கட்டுரை. கிறக்கத்துக்கு இவ்வளவு பெருமை வேண்டாம். 2016ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரான்வின் டார், ராபின் டன்பார் குழுவினர் ஆட்களைக் காதில் ஹெட்போன் மாட்டி ஆடவிட்டுப் பார்த்தார்கள். ஒரே பாட்டுக்கு ஒரே அசைவை ஒரே நேரத்தில் ஆடியவர்களுக்கு ஒட்டுதல் கூடியது. வலி தாங்கும் அளவும் கூடியது. அதே பாட்டுக்கு ஆளுக்கொரு அசைவாக ஆடியவர்களுக்கு வலி தாங்கும் அளவு கூடவில்லை. (வலியை மட்டுப்படுத்தி ஒட்டுதலைத் தூண்டுவதாகக் கருதப்படும் எண்டார்பின் என்ற வேதிப்பொருள் மூளையில் சுரப்பதைச் சாதாரண ரத்தப் பரிசோதனையில் பிடிக்க முடியாது. அதனால்தான் ரத்த அழுத்தப் பட்டையைக் கையில் இறுக்கி, எப்போது ‘போதும்’ என்கிறார் என்று பார்க்கிறார்கள்.) ஆனால் அப்படி ஒட்டிக்கொண்டவர்கள், பிறகு நடத்திய பண விளையாட்டில் மற்றவர்களைவிட அதிகம் ஒத்துழைத்துவிடவும் இல்லை. கட்டுரையாளர் இதையும் சொல்லியிருக்கலாம்.

ஆட்டம் நடத்துபவர்கள் ஸ்பீக்கரைவிட அசைவைத்தான் கவனிக்க வேண்டும். எட்டு எண்ணிக்கைக்குள் முடியும் மூன்று நான்கு அசைவுகள் தாராளம். நிமிடத்துக்கு 100 தாள அடியில் தொடங்கி, எல்லோருக்கும் கால் பிடிபட்டபின் 120க்குப் போகலாம். புதியவர்களை அதற்குமேல் முடுக்கினால் கை பாதியிலேயே மடங்கும். ஒருவர் திரும்பி முடிப்பதற்குள் பக்கத்தவர் அடுத்த அடியில் இருப்பார்.

வரிசையாக நிற்கவைப்பதுதான் பெரிய தப்பு. இரண்டாம் வரிசை முதல் வரிசையின் முதுகைப் பார்த்து ஆடும். மூன்றாம் வரிசை இரண்டாம் வரிசையை. வரிசைக்கு வரிசை கொஞ்சம் பிந்திப் பிந்தி, கடைசியில் நிற்பவர் தாளத்துக்கு அரை அடி பிந்தி ஆடிக்கொண்டிருப்பார். தனக்கு ஆடவே வராது என்று நினைத்து ஓரமாய்ப் போய்விடுவார். வட்டமாக நின்றால் எதிரே இருப்பவரின் முகமும் காலும் தெரியும், பிசகு அங்கேயே திருந்தும். பக்கத்தவரின் காலடி காதில் விழாத அளவுக்கு ஒலியைக் கூட்டினாலும் ஆட்டம் சிதறும். கூட்டம் தன்னாலேயே வேகமெடுக்கும்; தாளம் வாசிப்பவரும் அதோடு ஓடினால் பிடித்து நிறுத்த ஆளில்லை.

புழுக்கம், களைப்பு, மாறாத தாளம் எல்லாம் நெடுநேரம் சேர்ந்தால் சிலர் தன்னை மறப்பார்கள். அது வேறு. உதடும் விரல்நுனியும் மரத்துத் தலை சுற்றினால், பரவசம் என்று விட்டுவிடக் கூடாது. மூச்சை வேகவேகமாக இழுத்து விட்டதில் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்திருக்கலாம். உட்காரவைத்து, நிதானமாக மூச்சு விடச் சொல்லுங்கள். மயங்கி விழுந்தாலோ நெஞ்சு வலித்தாலோ மருத்துவர்தான்.

டார், டன்பார் குழு 2015ல் வெளியிட்ட பிரேசில் ஆய்வில் 264 மாணவர்கள் ஆடினார்கள். உடல் களைக்க ஆடியதும் ஒட்டுதலையும் வலி தாங்கும் அளவையும் கூட்டியது. களைப்பில்லாமல் உட்கார்ந்தபடி கையை மட்டும் ஒன்றாக அசைத்ததும் அதே பலனைத் தந்தது. நின்று ஆட முடியாதவரின் நாற்காலியும் வட்டத்துக்குள்ளேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
கூட்டு நடனப் பயிற்றுநர் ஒருவர்