அடுத்தவர் மனசைக் கணித்து ஓட்டுப் போட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் பொதுத்தேர்தலுக்கு முன் ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடக்கும் அமெரிக்க பிரைமரி தேர்தல்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, ‘பிடித்தவருக்குப் போடாதீர்கள், நவம்பரில் ஜெயிக்கக் கூடியவருக்குப் போடுங்கள்’ என்று வாக்காளர்களுக்கு அறிவுரை சொல்லி முடிகிறது. மிச்சிகனில் குடியிருந்து வாக்களிக்கும் எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை.

2020 பிப்ரவரியில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஜனநாயகக் கட்சி விவாதங்களை ஒன்றுவிடாமல் பார்த்தார். பைடனோடு போட்டியிட்ட பெண் வேட்பாளர் எலிசபெத் வாரனின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை எங்களுக்கே விளக்கிச் சொல்வார். ஆனால், “ஓட்டு பைடனுக்குத்தான். நமக்குச் சரி, ஒரு பொம்பளைக்கு இந்த ஊர்க்காரங்க போட மாட்டாங்களே” என்றார். இதே பேச்சைத் தெருவில் வேறு வீடுகளிலும் கேட்டேன். இத்தனைக்கும் இரண்டு வருடம் முன்புதான், 2018ல், இதே ஊர்க்காரர்கள் கிரெட்சன் விட்மர் என்ற பெண்ணை 9 சதவீதத்துக்கும் கூடுதலான வித்தியாசத்தில் கவர்னர் ஆக்கியிருந்தார்கள். அதற்கு முன்பே இன்னொரு பெண்ணான ஜெனிபர் கிரான்ஹோம் இங்கே இரண்டு முறை கவர்னராக இருந்தவர். கண்ணெதிரே இருந்த இந்தக் கணக்கை விட்டுவிட்டு, ஊகத்தை நம்பினார்கள்.

அந்த ஊகம் எத்தனை முறை பொய்த்திருக்கிறது! 2004ல் ஜனநாயகக் கட்சி பிரைமரியில் நின்ற ஹோவர்ட் டீனின் ஈராக் போர் எதிர்ப்பில் மனம் ஒன்றியிருந்த பலர், கடைசி நேரத்தில் இன்னொரு வேட்பாளரான ஜான் கெர்ரி பக்கம் போனார்கள். வியட்நாம் போரில் பதக்கம் வாங்கியவர், அதிபர் புஷ்ஷுக்கு எதிரே நிற்க இவர்தான் சரி என்றார்கள். ஆகஸ்டில் வந்த தொலைக்காட்சி விளம்பரங்கள் தாக்கியது அந்த வியட்நாம் சேவையைத்தான். முடிவைத் தீர்மானித்த ஒஹாயோ மாநிலம் கைவிட்டுப் போனது, தேர்தலும் போனது. 2016ல் டிரம்ப்பை வேட்பாளராக நிறுத்தினால் கட்சி அழிந்துவிடும் என்று எழுதியவர், குடியரசுக் கட்சி செனட்டர் லிண்ட்சே கிரஹாமே. அந்த நவம்பரில் எங்கள் மாநிலத்தை டிரம்ப் 10,704 ஓட்டில் எடுத்துக்கொண்டார்.

இதில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது தென் கரோலினா. ‘வெள்ளைக்காரர்கள் இவருக்குப் போடுவார்களா’ என்ற தயக்கத்தில், 2007ல் அங்கே கறுப்பின வாக்காளர்கள் பலர் ஒபாமாவிடமிருந்து ஒதுங்கியே இருந்தார்கள். 2008 ஜனவரி 3 அன்று, முதலில் வாக்களிக்கும் மாநிலமான அயோவாவில் அவர் ஜெயித்தார். அங்கே பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள்தான். அதே மாதம் 26ஆம் தேதி தென் கரோலினாவில் 55 சதவீத ஓட்டு அவருக்கு விழுந்தது. அயோவாக்காரர்களும் முன்கூட்டியே கணக்குப் போட்டு ஒதுங்கியிருந்தால், ஒபாமாவால் ஜெயிக்க முடியும் என்பதே யாருக்கும் தெரிந்திருக்காது. ஜெயிக்கக் கூடியவர் யார் என்று தெரிய வருவதே பிரைமரியில்தான். அதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு போய் ஓட்டுப் போடுவது என்ன நியாயம்?

சரி, 2020ல் பைடன் ஜெயித்தாரே என்பீர்கள். ஜெயித்தார்தான். ஆனால் முடிவைத் தீர்மானித்த அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் மாநிலங்கள் மூன்றிலும் சேர்த்து வித்தியாசம் சுமார் 43,000 ஓட்டுதான். வேறொருவர் நின்றிருந்தால் தோற்றிருப்பார் என்று அதை வைத்து எப்படிச் சொல்வது?

2010ல் டெலவேர் மாநிலத்தில் நடந்தது போன்ற சந்தர்ப்பங்களும் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஜெயிக்கக் கூடியவராகத் தெரிந்த, கவர்னராகவும் இருந்த மைக் காஸிலைப் பிரைமரியில் தள்ளிவிட்டு, குடியரசுக் கட்சியினர் கிறிஸ்டின் ஓ’டானலை நிறுத்தி செனட் இடத்தைக் கோட்டை விட்டார்கள். ஆனால் ஓ’டானல் 2008ல் அதே மாநிலத்தில் செனட்டுக்கு நின்று படுதோல்வி அடைந்தவர். இப்படி ஏற்கெனவே வந்த முடிவைப் பார்த்து ஒருவரை வேண்டாம் என்பது வேறு. ‘இந்த ஊர்க்காரர்கள் போட மாட்டார்கள்’ என்று திண்ணையில் முடிவு கட்டுவது வேறு.

மிச்சிகனில் கட்சியில் பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை. அதிபர் பிரைமரி அன்று எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் போதும், கொடுத்துவிடுவார்கள். நவம்பரில் வேண்டாதவரைத் தடுக்கவென்றே கூட ஓட்டுப் போடலாம். கட்சி எந்தப் பக்கம் போக வேண்டும் என்று நான் சொல்ல முடிவது அந்தப் பிரைமரி சீட்டில் மட்டும்தான்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பிரைமரி சமயத்தில், யார் முந்துகிறார் என்ற கருத்துக்கணிப்புப் படங்களுக்குத் தரும் இடத்தில் பாதியையாவது, விசா, மருத்துவக் காப்பீடு, கல்லூரிக் கடன் பற்றி ஒவ்வொரு வேட்பாளரும் என்ன சொல்கிறார், இதற்கு முன் சபையில் எப்படி ஓட்டுப் போட்டிருக்கிறார் என்பதற்கு ஒதுக்குங்கள். எங்கள் தெருவில் அதை நான் பிரதி எடுத்துக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மிச்சிகன்