ஜோட் குடும்பம் ஏன் ஊரைவிட்டுப் போனது? அமெரிக்க இலக்கியப் பாடத்திட்டம் வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஜான் ஸ்டெய்ன்பெக்கின் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலைக் கல்லூரியில் படித்து, பின்னர் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவன் என்ற முறையில் எழுதுகிறேன். எங்களுக்கு அன்று கிடைத்த வரலாற்றுப் பின்னணி ஒரே பத்திதான்: ஓக்லஹோமாவில் வறட்சி வந்தது, புழுதிப் புயல் வீசியது, உழவர்கள் கலிபோர்னியாவுக்குப் பிழைக்கப் போனார்கள். அந்தப் பத்தியை நானும் பல காலம் அப்படியே ஒப்பித்தேன். இனி வரும் மாணவர்களுக்காவது அதை மாற்றித் தர வேண்டும் என்று கேட்கவே இம்மடல்.

நாவலின் மையமான ஜோட் என்ற உழவர் குடும்பத்தின் ஊரான சாலிசா, ஓக்லஹோமாவின் கிழக்கோரத்தில், ஆர்க்கன்சா எல்லையை ஒட்டி இருக்கிறது. 1935 ஏப்ரல் 14 அன்று பகலை இருட்டாக்கிய புயல் தாக்கிய பகுதியோ மாநிலத்தின் வடமேற்குக் கோடி. இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய மாநிலம் முழுவதும் கிடக்கிறது. கிழக்கிலும் மழை பொய்த்தது உண்மை. ஆனால் அங்கிருந்த பருத்திக் குடியானவர்களை நிலத்திலிருந்து பெயர்த்ததில் வானத்தைவிடக் கடனுக்கும் சட்டத்துக்கும் பெரும் பங்கு உண்டு. அம்மாநில விவசாயிகளில் அப்போது பத்தில் ஆறு பேர் பிறர் நிலத்தைக் குத்தகைக்கோ, விளைச்சலில் பங்கு தரும் வாரத்துக்கோ உழுதவர்கள். 1929இல் பவுண்டு 16 சென்ட்டுக்கு மேல் விற்ற பருத்தி 1932இல் 6 சென்ட் அளவுக்கு விழுந்தது. விலையைத் தூக்கி நிறுத்த ரூஸ்வெல்ட் அரசு 1933இல் கொண்டுவந்த வேளாண்மைச் சீரமைப்புச் சட்டம், பருத்தி போடாமல் நிலத்தைத் தரிசாக விடுவதற்கு உதவித்தொகை தந்தது. தொகை நில உடைமையாளரிடம் போயிற்று. அதில் உழுதவருக்கு உரிய பங்கு பல இடங்களில் வந்து சேரவில்லை. பயிரே இல்லாத நிலத்துக்குக் குடியானவர் தேவைப்படவில்லை, கையில் வந்த பணமோ டிராக்டர் வாங்க உதவியது. நாவலில் வீட்டுச் சுவரை முட்டிச் சாய்க்கும் டிராக்டரின் முன் நின்று, யாரைச் சுட்டால் இது நிற்கும் என்று குத்தகைதாரர் கேட்கும் இடம், இந்தக் கணக்கை அறியாத மாணவருக்கு வெறும் உணர்ச்சிக் காட்சியாகவே நின்றுவிடும். இப்படி வெளியேற்றப்பட்டதை எதிர்த்துத்தான் 1934இல் ஆர்க்கன்சாவின் டைரன்சாவில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒன்றாகச் சங்கம் அமைத்தார்கள்.

போய்ச் சேர்ந்த இடத்தின் கதையையும் சொல்ல வேண்டும். 1936 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறை 136 காவலர்களைக் கலிபோர்னியாவின் எல்லைகளுக்கு அனுப்பி, கையில் காசில்லாதவர்களைத் திருப்பி விரட்டியது. ஏழை ஒருவரை மாநிலத்துக்குள் அழைத்து வருவதையே குற்றமாக்கிய சட்டம், 1941இல் எட்வர்ட்ஸ் வழக்கில்தான் உச்ச நீதிமன்றத்தால் செல்லாததானது. சங்கம் அமைக்கும் உரிமையைத் தொழிலாளருக்கு வழங்கிய 1935ஆம் ஆண்டுச் சட்டம் விவசாயக் கூலிகளை விலக்கிவிட்டது. நாவலில் வேலைநிறுத்தம் அடித்து நொறுக்கப்படும்போது எந்தச் சட்டமும் துணைக்கு வராததற்குப் பின்னால் இந்த விலக்கு இருக்கிறது.

நாவல் பேசாமல் விட்டதையும் பாடம் பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஓக்லஹோமாக்காரர்கள் வருமுன் அந்த வயல்களில் குனிந்து உழைத்தவர்களில் மெக்சிகோவினரும் பிலிப்பைன்ஸ்காரரும் பெருந்தொகையினர். 1933 அக்டோபரில் சான் வாக்கீன் பள்ளத்தாக்கின் பருத்தி வேலைநிறுத்தத்தை நடத்தியவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோத் தொழிலாளர். பிக்ஸ்லி என்ற ஊரில் நிலக்காரர்கள் சுட்டதில் உயிர்கள் போயின. ஜோட் குடும்பத்தின் பயணத்தில் இவர்களின் முகம் ஏறக்குறையத் தென்படுவதே இல்லை.

என் கோரிக்கை இதுதான். ஸ்டெய்ன்பெக் 1936இல் 'சான் பிரான்சிஸ்கோ நியூஸ்' நாளிதழில் இத்தொழிலாளர்களைப் பற்றி எழுதிய ஏழு கட்டுரைகளில் இரண்டையாவது நாவலோடு சேர்த்துப் பாடமாக வையுங்கள். கலிபோர்னியாவில் இடம்பெயர்ந்த தொழிலாளருக்காக அரசு அமைத்த ஆர்வின் முகாமை நடத்தி, அவருக்குத் தம் அறிக்கைகளைக் கொடுத்த டாம் காலின்ஸைப் பற்றி ஒரு வகுப்பு நடக்கட்டும். அந்த முகாம்களில் காலின்ஸோடு பணியாற்றிய சனோரா பாப், இதே மக்களைப் பற்றி எழுதி முடித்த நாவலை, ஸ்டெய்ன்பெக்கின் நூல் முந்திக்கொண்டதால் பதிப்பகம் கைவிட்டது. அது அச்சேறியது 2004இல். அதிலிருந்து ஓர் அத்தியாயத்தையும் துணைப்பாடமாகச் சேர்த்துத் தாருங்கள்.

இப்படிக்கு,
ஓர் இலக்கிய ஆசிரியர்