ஒரே பானைச் சோறு, வெவ்வேறு சர்க்கரை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நீரிழிவு நோயாளிகள் வெள்ளைச் சோற்றை அறவே கைவிட வேண்டும் என வலியுறுத்தித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வெளிவந்த மருத்துவக் கட்டுரையைப் படித்தேன். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களுள் 15.6 விழுக்காட்டினர் இந்நோயுடன் வாழ்வதால் கட்டுரையாளரின் அக்கறை நியாயமானதே. ஆயினும் அனைவரிடமும் ஒரே உணவுப் பட்டியலை நீட்டுவது பொருந்தாது. இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வுக் கழகம் 800 பேரைத் தொடர்ந்து கண்காணித்து 2015இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே உணவு ஆளுக்காள் வெவ்வேறு அளவில் இரத்தச் சர்க்கரையை உயர்த்துவதையும், குடல் நுண்ணுயிர்களுக்கும் அதில் தொடர்பிருப்பதையும் காட்டியது.

என் கணவருக்கும் எனக்கும் இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, உண்டு. ஒரே பானைச் சோற்றை ஒரே கிண்ணத்தால் அளந்து உண்டு, இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்திப் பார்த்தபோது இரத்தச் சர்க்கரை அவருக்கு லிட்டருக்கு 11.6, எனக்கு 8.2 மில்லிமோல் காட்டியது. காலையில் தோசை உண்டாலோ நிலைமை தலைகீழ், அதை அவர் சொல்லிக் காட்டாத நாளில்லை. இதனால் எனக்குச் சோறு தாராளம் என்றாகிவிடாது. அளவு இருவருக்கும் உண்டு. ஆனால், எதைக் குறைப்பது என்பதை அவரவர் உடலே சொல்ல வேண்டும். சர்க்கரையை அளக்கும் சோதனைப் பட்டைகளை ஓயாமல் வாங்குவது பலருக்கும் கட்டுப்படியாகாது என்பதால், அரசாங்கக் கிளினிக்குகள் புதிய நோயாளிகளுக்கு இரண்டு வாரமாவது குளுக்கோமீட்டர் எனும் சர்க்கரை அளவியை இரவல் தந்து, பட்டைகளையும் வழங்கி, அவர்கள் எழுதி வரும் குறிப்பேட்டைப் பார்த்த பிறகே உணவு ஆலோசனை கூறலாம்.

வாசகி,
ஜெலுத்தோங், பினாங்கு