போருக்கான காரணத்தைச் சந்தேகிப்பது பொறுப்பின்மையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் போர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அரசுகளிடம் நமக்குத் தெரியாத உளவுத் தகவல்கள் இருக்கும், அதனால் அவர்கள் சொல்லும் காரணங்களைச் சாதாரண மக்கள் சந்தேகிப்பது பொறுப்பில்லாத செயல் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். படித்ததும் மனம் கொதித்தது. அதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் மொரீசியஸில், ரோஸ் ஹில்லில் வசிக்கிறேன். பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். எங்கள் நாட்டுக்குத் தனியாக ராணுவம் கிடையாது. நாங்கள் யார் மீதும் படையெடுத்ததில்லை. ஆனாலும் வல்லரசுகள் சொல்லும் காரணங்களைச் சந்தேகிக்க எங்களுக்கு நேரடியான அனுபவம் உண்டு. டியேகோ கார்சியா தீவில் நடந்ததைத்தான் சொல்கிறேன்.

தமிழ்நாட்டு வாசகர்கள் பலர் அந்தப் பெயரைக் குண்டுவீச்சு விமானங்கள் பற்றிய செய்திகளில் மட்டும் கேட்டிருப்பீர்கள். அது சாகோஸ் தீவுக்கூட்டத்தில் இருக்கிறது. எங்களுக்கு வடகிழக்கே 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால். 1965 நவம்பரில், எங்களுக்குச் சுதந்திரம் கிடைப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கும் குறைவாக இருந்தபோது, பிரிட்டன் அந்தத் தீவுகளை மொரீசியஸிலிருந்து பிரித்தெடுத்தது. எங்களுக்கு 30 லட்சம் பவுண்டு கொடுத்தார்கள். பிறகு அமெரிக்க ராணுவத் தளத்துக்கு இடம் கொடுத்தார்கள். அதற்குக் கைமாறாக, அமெரிக்காவிடம் போலாரிஸ் அணு ஏவுகணை வாங்கியதில் பிரிட்டனுக்கு 1 கோடியே 40 லட்சம் டாலர் ரகசியத் தள்ளுபடி கிடைத்தது. நாட்டின் பாதுகாப்பு, உலகின் பாதுகாப்பு என்றுதான் வெளியே பேசினார்கள். தள்ளுபடியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

தளம் அமைக்க ஆளில்லாத தீவு வேண்டும். ஆனால் அங்கே மக்கள் இருந்தார்கள். தேங்காய்த் தோட்டங்களில் உழைத்து, தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து, அங்கேயே புதைக்கப்பட்ட மக்கள். இதற்கு லண்டன் அதிகாரிகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அங்கே நிரந்தரக் குடிகள் என்று யாரும் இல்லை, இருப்பவர்கள் ஒப்பந்தத்தில் வந்த தொழிலாளர்கள் மட்டுமே என்று ஐ.நா.வுக்கும் உலகத்துக்கும் சொல்வது என்று முடிவு செய்தார்கள். அந்த முடிவு எழுத்திலேயே இருக்கிறது. பிரிட்டனின் சொந்தக் கோப்புகள் பிற்காலத்தில் நீதிமன்றத்தில் திறக்கப்பட்டபோது ஊருக்கெல்லாம் தெரிந்தது.

இதை ஒரு மொரீசியஸ் தமிழர் எப்படி அமைதியாகப் படிக்க முடியும்? எங்கள் முன்னோர்களிலும் பெரும்பாலோர் ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்தவர்கள்தான். 1834 முதல் போர்ட் லூயி துறைமுகத்தில் இறங்கிக் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். அவர்களுடைய கொள்ளுப் பேரப்பிள்ளைகளை இன்று ஒருவர் வந்து, நீங்கள் வெறும் ஒப்பந்தக் கூலிகள், இந்த மண்ணில் உங்களுக்கு வேர் இல்லை என்று சொல்லிக் கப்பலில் ஏற்றினால் எப்படி இருக்கும்? சாகோஸ் மக்களுக்கு அதைத்தான் செய்தார்கள். 1968 முதல் 1973 வரை அவர்களை வெளியேற்றினார்கள். மருத்துவத்துக்காகவோ உறவினரைப் பார்க்கவோ மொரீசியஸ் வந்தவர்களைத் திரும்பக் கப்பலேற விடவில்லை. தீவில் மிஞ்சியவர்களின் வளர்ப்பு நாய்களைப் பிடித்துக் கொன்றார்கள். போர்ட் லூயியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வீடும் வேலையும் இல்லாமல் விட்டார்கள். ரோஷ் புவா, கஸ்ஸி பக்கம் தகரக் கொட்டகைகளில் அவர்கள் பட்ட பாட்டை என் தலைமுறை கண்ணால் பார்த்தது.

அப்படிக் காலி செய்த தீவிலிருந்துதான் 1991இல் ஈராக் மீதும், 2001இல் ஆப்கானிஸ்தான் மீதும், 2003இல் மறுபடி ஈராக் மீதும் குண்டுவீச்சு விமானங்கள் புறப்பட்டன. அப்புறம் இன்னொன்று. பயங்கரவாதச் சந்தேகக் கைதிகளை அமெரிக்கா ரகசியமாக ஏற்றிச்சென்ற விமானங்கள் டியேகோ கார்சியாவில் இறங்கினவா என்று கேட்டபோதெல்லாம் பிரிட்டிஷ் அமைச்சர்கள் இல்லை என்றார்கள். 2008 பிப்ரவரியில் வெளியுறவு அமைச்சர் டேவிட் மிலிபாண்ட் நாடாளுமன்றத்தில் எழுந்து, 2002இல் அப்படி இரண்டு விமானங்கள் இறங்கியது உண்மைதான் என்று மன்னிப்புக் கேட்டார். ஆறு ஆண்டுகள் கழித்து.

கட்டுரையாளர் உளவுத் தகவலை நம்பச் சொல்கிறார். சரி, ஈராக்கையே எடுத்துக்கொள்வோம். 2003 பிப்ரவரி 5ஆம் தேதி அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா. பாதுகாப்பு சபையில் உட்கார்ந்து, லாரிகளில் நடமாடும் கிருமி ஆயுதக் கூடங்களைப் பற்றிப் படம் போட்டுக் காட்டினார். அந்தக் கதைக்கு முக்கிய ஆதாரம் ஜெர்மனியில் தஞ்சம் கேட்டிருந்த ஓர் ஈராக்கியர். தான் சொன்னது பொய் என்று அவரே 2011இல் ஒப்புக்கொண்டார். ஐ.நா. ஆயுத ஆய்வுக் குழுத் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ் ஈராக்கில் இன்னும் தேடிக்கொண்டிருந்தார். தொடர்ந்து தேட அவகாசம் வேண்டும் என்றார். கொடுக்கவில்லை. மார்ச் 20ஆம் தேதி போர் தொடங்கிவிட்டது. படையெடுப்புக்குப் பின் அமெரிக்காவே அனுப்பிய ஆய்வுக் குழு, பேரழிவு ஆயுதக் கையிருப்பு எதுவும் அங்கே இல்லை என்று 2004இல் அறிக்கை கொடுத்தது. ஈராக் போரைப் பற்றிய பிரிட்டனின் சில்காட் விசாரணை அறிக்கை 26 லட்சம் சொற்களுடன் 2016 ஜூலையில் வந்தது. ஈராக்கின் ஆயுத மிரட்டலைப் பற்றி அரசு அளவுக்கு மீறிய உறுதியோடு பேசியது, அமைதி வழிகள் தீருமுன்பே போருக்குப் போனது என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. அதற்குள் ஈராக்கில் எத்தனை வீடுகளில் இழவு விழுந்துவிட்டது!

இந்தக் கதையில் எங்கள் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. அதை இங்கே எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை என்பது என் வருத்தம். 2001, 2002 ஆண்டுகளில் மொரீசியஸ் பாதுகாப்பு சபையில் தற்காலிக உறுப்பினராக இருந்தது. 2002 நவம்பர் 8ஆம் தேதி ஆயுதங்களைக் கைவிட ஈராக்குக்குக் கடைசி வாய்ப்பு என்ற 1441ஆம் தீர்மானம் 15 வாக்குகளோடு நிறைவேறியபோது எங்கள் வாக்கும் அதில் இருந்தது. அந்த வாரங்களில் ஐ.நா.வில் இருந்த எங்கள் தூதரை எங்கள் அரசே திரும்ப அழைத்தது. அந்தத் தீர்மானத்துக்கான அமெரிக்க வரைவைத் தெளிவாக ஆதரிக்காமல், மொரீசியஸுக்குத் தயக்கம் இருப்பதுபோல் காட்டிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. எங்கள் ஆடைகள் வரியில்லாமல் அமெரிக்காவுக்குப் போக வழிசெய்த 2000ஆம் ஆண்டு வர்த்தகச் சட்டத்தில், அமெரிக்க வெளியுறவு நலனுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. அந்தச் சட்டம் பற்றிய மாநாடு அடுத்த ஜனவரியில் இங்கேயே நடக்கவிருந்தது. தையல் ஆலைகளில் எங்கள் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்த காலம் அது. அரசின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு போரைப் பற்றித் தயங்கிப் பேசியதற்காக ஒருவரைத் தண்டித்தது தவறு. அந்தத் தயக்கம்தான் சரியென்று பிறகு வந்த ஒவ்வொரு அறிக்கையும் காட்டிவிட்டது.

கட்டுரையாளர் கவனிக்கத் தவறியது காலத்தை. 1964 ஆகஸ்ட் 4ஆம் தேதி டோன்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் தாக்கப்பட்டதாகச் சொன்னது நடக்காத ஒன்று. அந்தச் செய்தியைக் காட்டி மூன்றே நாளில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் தீர்மானம் போட்டு வியட்நாம் போரைப் பெரிதாக்கினார்கள். அது தொடர்பான உளவு ஆவணங்கள் 2005இல்தான் வெளிவந்தன. 1990 அக்டோபரில், ஈராக் வீரர்கள் குவைத் மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டர் பெட்டிகளிலிருந்து எடுத்துத் தரையில் போட்டதாக ஒரு பெண் அழுதுகொண்டே வாஷிங்டனில் சாட்சி சொன்னாள். அவள் அமெரிக்காவிலிருந்த குவைத் தூதரின் மகள் என்பது வெளியானது 1992இல். போர் அதற்கு முந்திய ஆண்டே முடிந்திருந்தது. உண்மை எப்படியோ வெளியே வந்துவிடுகிறது, ஆனால் செத்தவர்களுக்கு உதவாத நேரத்தில் வருகிறது. அதனால்தான் சொல்கிறேன், கேள்வியை முதல் நாளே கேட்க வேண்டும்.

எதையுமே நம்பாதே என்று நான் சொல்ல வரவில்லை. அதே குவைத் விவகாரத்தில் குழந்தைகள் கதை பொய், ஆனால் ஈராக் குவைத்துக்குள் புகுந்தது மெய். 2022 தொடக்கத்தில், ரஷ்யா உக்ரைன் மீது படையெடுக்கப் போகிறது என்று அமெரிக்க உளவுத்துறை எச்சரித்தது. ஈராக்கை நினைத்துக்கொண்டு பலர் அதை நம்பவில்லை. பிப்ரவரி 24ஆம் தேதி அது அப்படியே நடந்தது. அன்று மாஸ்கோ சொன்ன காரணங்களையும் நான் நம்பவில்லை. போரைப் போர் என்று எழுதிய தன் நாட்டுப் பத்திரிகையாளர்களையே சிறையில் போடும் அரசு சொல்லும் காரணத்தை எப்படி நம்புவது? எங்கள் கோயில் மாலை வகுப்பில் படிக்கும் பெரிய பிள்ளைகள் சிலர் வாட்ஸ்அப்பில் வருவதைக் காட்டி, எல்லாமே நாடகம், எல்லாரும் திருடர்கள் என்கிறார்கள். அது எனக்குப் பயமாக இருக்கிறது. ஆதாரம் கேட்பவர் ஆதாரம் வந்தால் ஏற்றுக்கொள்ளவும் தயாராக இருக்க வேண்டும். இந்தப் பிள்ளைகள் ஆதாரத்தைப் பார்க்கவே விரும்புவதில்லை.

அவர்களிடம் நான் சொல்வது இதுதான். ஓர் அரசு போருக்குக் காரணம் சொல்லும்போது, அந்தத் தகவலை யார் நேரில் பார்த்தார்கள் என்று கேளுங்கள். ஆய்வாளர்களை உள்ளே விட்டார்களா, அவர்கள் வேலையை முடிக்க விட்டார்களா என்று பாருங்கள். ஒரு காரணம் பொய்த்ததும் வேறொரு காரணம் வருகிறதா என்று கவனியுங்கள். 2003இல் ஆயுதம் கிடைக்காமல் போனதும் அப்படித்தான் ஜனநாயகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

2019 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம், சாகோஸ் பிரிக்கப்பட்டது சட்டப்படி சரியில்லை என்று கருத்துச் சொன்னது. 2025 மே 22ஆம் தேதி பிரிட்டனும் நாங்களும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டோம். அதன்படி இறையாண்மை எங்களுக்கு, டியேகோ கார்சியா தளம் 99 ஆண்டு குத்தகையில் அவர்களுக்கு. அது நடைமுறைக்கு வந்தால் அங்கிருந்து பறக்கும் ஒவ்வொரு குண்டுவீச்சு விமானமும் மொரீசியஸ் மண்ணிலிருந்து பறக்கும். குத்தகைப் பணம் எங்கள் கஜானாவுக்கு வரும். எந்தக் காரணத்துக்காக அந்த விமானம் புறப்படுகிறது என்று கேட்கும் கடமை அப்போது எங்களுக்கு இன்னும் அதிகம். அதைப் பொறுப்பின்மை என்று சொல்லும் கட்டுரையாளர், ரோஷ் புவாவில் இன்னும் உயிரோடிருக்கும் சாகோஸ் மூதாட்டி ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு மறுபடி எழுதட்டும். நான் கூட்டிக்கொண்டு போகத் தயார்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் இதழ் போர்ச் செய்திகளுக்கு நிறையப் பக்கம் ஒதுக்குகிறது, நல்லது. ஒரு போர் தொடங்கும்போது அரசுகள் சொன்ன காரணங்களைத் தேதியோடு தனியாகப் பதிவு செய்து வையுங்கள். ஓராண்டு, ஐந்தாண்டு கழித்து, அவற்றில் எது நின்றது, எது பொய்த்தது என்று அதே பக்கத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
ரோஸ் ஹில், மொரீசியஸ்